சொன்ன பிறகுதான் சுடுவாங்க... ஆர்டர் டோனட் கடைக்குள் என்ன நடக்கிறது?

"கடைக்குப் போனதும் டோனட்டைப் பாக்காத, மெஷினைப் பாரு. என்ன எண்ணெய், எத்தனை பேர் வேலை செய்றாங்க, கூட்டம் வந்தா எவ்வளவு நேரம் ஆகுது... எல்லாத்தையும் பாத்துட்டு உண்மையைச் சொல்லுடி."

கோவையில் ஐ.டி வேலையில் இருக்கும் என் கல்லூரித் தோழி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் போயிருந்த நேரம். ஐந்து வருடச் சேமிப்பைப் போட்டு, வேலையை விட்டுவிட்டு, கோவையில் ஒரு டோனட் கடை திறக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து அடுக்கி வைத்திருக்கும் டோனட் இல்லை. நாம் கேட்ட பிறகு எண்ணெயில் விழுந்து, சுடச்சுட கைக்கு வருமே, அந்த டோனட்.

அப்படிக் கடைகளைப் பார்க்க வட கரோலினாவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

கடைக்குள் போகலாமா?

ராலேயிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டினால் 'அவுட்டர் பேங்க்ஸ்' வரும். அட்லாண்டிக் கடலோரம் நீளமாகக் கிடக்கும் மணல் தீவுகளின் தொடர். ரைட் சகோதரர்கள் 1903-ல் முதல் விமானத்தைப் பறக்கவிட்டது இங்கேதான். இப்போது முழுக்க முழுக்கச் சுற்றுலாப் பகுதி. மாமா கார் ஓட்ட, அக்கா, ஆறு வயது அக்கா பொண்ணு, நான் என நாலு பேரும் காலை ஒன்பதரை மணிக்குக் கடை வாசலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஐந்து குடும்பங்கள்.

சின்னக் கடை. நாலைந்து மேஜை. கடலில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள். யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. டோனட் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி மட்டும் எங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக, சமையல் பகுதிக்கும் நமக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. குழந்தைகள் ஏறி நின்று பார்க்க அதன் கீழே ஒரு படி.

ஆர்டர் கொடுப்பது மூன்று கேள்வி. மேலே என்ன பூச வேண்டும்? சாக்லேட், மேப்பிள், ஸ்ட்ராபெர்ரி, லெமன், இல்லையென்றால் பட்டைப்பொடி சர்க்கரை. அதன் மேல் என்ன தூவ வேண்டும்? தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, கலர் மிட்டாய்த் தூள், பொடித்த பிஸ்கட், பன்றி இறைச்சி பேக்கன் துண்டுகள். கடைசியாக மேலே கோடு கோடாக என்ன ஊற்ற வேண்டும்? கேரமல், சாக்லேட், ராஸ்பெர்ரி.

அக்கா பொண்ணு ஸ்ட்ராபெர்ரி, கலர் தூள், சாக்லேட் என்று மூன்று நொடியில் முடித்துவிட்டாள். எனக்கு மூன்று நிமிடம் ஆனது. கடைசியில் மேப்பிளும் வேர்க்கடலையும் கேட்டேன். பத்து நிமிடம் கழித்து அட்டைப் பெட்டி வந்தது. அடிப்பக்கம் கை சுட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் தேர்ந்தெடுத்தது எல்லாமே மேல்பூச்சுதான். உள்ளே இருக்கும் டோனட் எல்லாருக்கும் ஒன்றே, வெனிலா வாசனை போட்ட ஒரே மாவு. நூற்றுக்கணக்கான வகை கிடைப்பதாகத் தோன்றுகிறது. சமையலறையில் இருப்பதோ ஒரே மாவுத் தொட்டி. கடையின் மொத்த ரகசியமும் இதில்தான் இருக்கிறது. மாவு ஒன்றாக இருப்பதால்தான் வேகம். மேல்பூச்சு வேறு வேறாக இருப்பதால்தான் 'என்னோட டோனட்' என்ற நினைப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

தோழி சொன்னபடி மெஷினைப் பார்த்தேன். மேலே கூம்பு வடிவில் மாவுத் தொட்டி. அதன் அடியில் ஒரு உருளை மேலும் கீழும் அசைகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மாவு வளையம் நேராக எண்ணெயில் விழுகிறது. அதாவது நடு ஓட்டையை யாரும் வெட்டி எடுப்பதில்லை. விழும்போதே வளையமாக விழுகிறது.

விழுந்த வளையம் முதலில் முங்கி, பிறகு மிதக்கும். எண்ணெய்க் கால்வாயில் மெதுவாக நகரும். பாதித் தூரம் போனதும் ஒரு தகடு அதைப் புரட்டிப்போடும். இன்னும் கொஞ்ச தூரம், அதன் பிறகு சரிவில் ஏறி வெளியே. மொத்தம் ஒன்றரை, இரண்டு நிமிடம். வெளியே வந்ததும் இரண்டு பேர். ஒருவர் பூச்சில் முக்குகிறார், இன்னொருவர் தூவி, கோடு ஊற்றிப் பெட்டியில் வைக்கிறார். கல்லாவில் ஒருவர், மாவு கலக்க ஒருவர். ஆக மொத்தம் நாலு பேர்.

எண்ணெயின் சூடு சுமார் 190 டிகிரி செல்சியஸ். இது சும்மா ஒரு எண் இல்லை. மாவு எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. நாம் பார்க்கும் நுரையும் குமிழியும் அதுதான். ஆவி வெளியே தள்ளும்வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். சூடு குறைந்தால் டோனட் வேக நேரமாகும், எண்ணெய் குடிக்கும். சூடு கூடினால் வெளியே கருகி, உள்ளே மாவாகவே இருக்கும். எண்ணெயைவிட்டு எடுத்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. டோனட் ஆறும்போது உள்ளே ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் எடுத்ததும் வடியவிடுவது அவ்வளவு முக்கியம்.

ஓட்டை எதற்கு?

மெதுவடை சுடும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: நடுவில் வேகணும் இல்ல? அதேதான். உருண்டையாகப் போட்டால் ஓரம் வெந்து நடுப்பகுதி பச்சையாக நிற்கும். வளையமாக இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் சூடு ஏறும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கதையே உண்டு. டச்சுக் குடியேறிகள் கொண்டுவந்த 'ஓலிகூக்', அதாவது எண்ணெய் கேக், உருண்டையாகத்தான் இருந்தது. மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹேன்சன் கிரிகோரி என்ற மாலுமி, 1847-ல், தன் 16 வயதில், கப்பலில் கிடைத்த பலகாரத்தின் நடுப்பகுதி வேகாமல் இருப்பதைப் பார்த்து அங்கே ஓட்டை போட்டதாகப் பிற்காலத்தில் பேட்டி கொடுத்தார். அவர்தான் முதல் ஆள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியான காரணம்.

எல்லா டோனட்டையும் இப்படிச் செய்ய முடியுமா?

முடியாது. தோழி கேட்காமல் விட்ட, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

டோனட்டில் இரண்டு சாதி. ஒன்று ஈஸ்ட் டோனட். பன் மாதிரி மெத்தென்று, காற்றாக இருக்கும். மாவைப் பிசைந்து, புளிக்கவிட்டு, வெட்டி, மறுபடி உப்பவிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் சில மணி நேர வேலை. நீங்கள் ஆர்டர் கொடுத்த பிறகு ஆரம்பித்தால் மதிய சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

இரண்டாவது கேக் டோனட். இதில் உப்பவைப்பது பேக்கிங் பவுடர். தண்ணீர் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மீதி என இரண்டு தவணையாக வாயுவை வெளியிடும். மாவு இட்லி மாவுபோல ஊற்றும் பதத்தில் இல்லாவிட்டாலும், குழாய் வழியே விழும் அளவுக்கு இளக்கமாக இருக்கும். காத்திருக்கத் தேவையில்லை. எனவே 'சொன்ன பிறகு சுடுவது' என்பது கேக் டோனட்டால்தான் எளிதாக நடக்கும் காரியம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கலந்த மாவை நாள் முழுக்க வைத்திருக்க முடியாது, வாயு போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நாலாவது ஆள் ஏன் என்று இப்போது புரிகிறதா?

சூடா சாப்பிட்டா ஏன் அவ்வளவு நல்லா இருக்கு?

பாதி காரணம் மூக்கு. வெனிலா, வெண்ணெய், பட்டை வாசனைகள் சூட்டில்தான் வேகமாக எழும்பும். மீதி காரணம் மாவுச்சத்து. வேகும்போது தண்ணீரை உறிஞ்சி மென்மையாகும் மாவுச்சத்து, ஆறியதும் மெல்ல மெல்ல மறுபடி இறுகத் தொடங்கும். நேற்றைய சாதம் விறைப்பதும், காலையில் வாங்கிய பன் மாலையில் வறளுவதும் இதனால்தான். கூடவே, மேலே இருக்கும் சர்க்கரைப் பூச்சு நேரம் ஆக ஆக ஈரத்தை இழுத்து நீர்த்துப்போகும். டோனட் வறண்டு, பூச்சு பிசுபிசுத்து, இரண்டும் எதிர்த்திசையில் கெடும். அட்டைப் பெட்டியைத் திறந்த முதல் பத்து நிமிடம்தான் உச்சம். நாங்கள் பாதியை ஹோட்டலுக்கு எடுத்துப்போய் மாலையில் சாப்பிட்டோம். அக்கா பொண்ணு ஒரு கடி கடித்துவிட்டு, "இது காலையில வாங்கினது இல்ல" என்றாள்.

வட கரோலினா ஏன்?

சூடான டோனட்டை நேரடியாக விற்கும் பழக்கத்துக்கும் இந்த மாநிலத்துக்கும் நெருங்கிய தொடர்பு. கிறிஸ்பி கிரீம் 1937-ல் இங்கே வின்ஸ்டன்-சேலம் நகரில் தொடங்கியது. நிறுவனர் வெர்னன் ருடால்ஃப் முதலில் மளிகைக் கடைகளுக்கு மொத்தமாகத்தான் விற்றார். வாசனை பிடித்து வந்தவர்கள் 'சூடா கிடைக்குமா' என்று கேட்கவே, சுவரில் ஓட்டை போட்டு அங்கேயே விற்க ஆரம்பித்தார் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கதை. ஆனால் அது ஈஸ்ட் டோனட். சூடாக இருக்கும்; உங்களுக்காகச் செய்தது இல்லை.

'உங்களுக்காகச் செய்வது' என்பதைப் பெரிய வியாபாரமாக்கியது டக் டோனட்ஸ். 2007-ல் அவுட்டர் பேங்க்ஸில் உள்ள டக் என்ற சின்ன ஊரிலும் பக்கத்து கிட்டி ஹாக்கிலும் தொடங்கியது. விடுமுறைக்கு வந்த குடும்பம் ஒன்று, இந்தக் கடற்கரையில் சூடான டோனட் கிடைக்கவில்லையே என்று தானே கடை போட்டதுதான் ஆரம்பம். பிறகு ஃபிரான்சைஸ் முறையில் பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பரவியது.

கண்ணாடி வழியே வேடிக்கை பார்ப்பது மட்டும் இன்னும் பழையது. ரஷ்யாவிலிருந்து அகதியாக வந்த அடால்ஃப் லெவிட், 1920-ல் நியூயார்க்கில் தானியங்கி டோனட் இயந்திரத்தை உருவாக்கினார். டோனட் தானாக மிதந்து, புரண்டு வருவதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. நான் பார்த்த மெஷின் அதன் பேரன்தான். லெவிட் இயந்திரத்தையும், தண்ணீர் சேர்த்தால் போதும் என்கிற கலவை மாவையும் மற்ற கடைக்காரர்களுக்கு விற்றே பெரிய ஆள் ஆனார். கடை போட ஆசைப்படுபவர்கள் இதை ஒருமுறை நிறுத்தி நிதானமாக யோசிக்க வேண்டும். மெஷின் விற்பவர், மாவு விற்பவர், பெயரை வாடகைக்கு விடுபவர் எல்லாருக்கும் பணம் முதலிலேயே வந்துவிடும். கடைக்காரருக்குக் கடைசியில்தான்.

கல்லாவுக்குப் பின்னால் யார்?

டோனட் கடை என்றால் அமெரிக்காவில் சொல்லாமல் விட முடியாத இன்னொரு கதை, கலிஃபோர்னியாவின் கம்போடியர்களுடையது. டெட் நோய் 1975-ல் கெமர் ரூஜ் ஆட்சியிடமிருந்து தப்பி, குடும்பத்தோடு அகதியாக வந்தார். வின்செல்ஸ் என்ற டோனட் நிறுவனத்தில் தொழில் கற்று, ஒரு கடை வாங்கி, அது பல கடைகளாகி, தன்னைப்போல வந்த கம்போடியக் குடும்பங்களுக்குக் கடைகளைக் குத்தகைக்கு விட்டார். இன்று தெற்கு கலிஃபோர்னியாவின் தனிக் கடைகளில் பெரும்பாலானவை கம்போடியக் குடும்பங்களுடையவை. நோய் பிறகு சூதாட்டத்தில் எல்லாவற்றையும் இழந்தார். 2020-ல் வந்த 'தி டோனட் கிங்' ஆவணப்படம் இதைத்தான் சொல்கிறது.

அந்தக் கடைகள் எதனால் நின்றன? முக்கியமாக, குடும்பம் முழுவதும் சம்பளமில்லாமல் உழைத்ததால். ஈஸ்ட் டோனட் காலை ஆறு மணிக்குத் தயாராக இருக்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டியதும் யாரோ எழுந்து மாவு பிசைய வேண்டும். ஆர்டர் கடையில் இந்த இரவு வேலை இல்லை. மீந்துபோன டோனட்டைக் கொட்டும் நஷ்டமும் பெரிதாக இல்லை. ஆனால் அந்தச் சுமை காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு ஒருவரும் வர மாட்டார்கள். இரண்டு நேரத்திலும் எண்ணெய் 190 டிகிரியில் காத்திருக்க வேண்டும், ஆளும் நிற்க வேண்டும்.

அந்த எண்ணெய்தான் விஷயமே

டோனட் விழாவிட்டாலும், சூடாக நிற்கும் எண்ணெய் கெட்டுக்கொண்டேதான் இருக்கும். காற்று, சூடு, மாவுத் துகள், ஈரம் எல்லாம் சேர்ந்து அதை உடைக்கும். நிறம் கறுக்கும், நுரை அடங்காது, சீக்கிரம் புகையும்.

இந்தியாவில் இதற்கு விதி இருக்கிறது. பொரித்த எண்ணெயில் 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இது 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அளந்து பார்க்கக் கையடக்கக் கருவியும் உண்டு.

இன்னொன்று டிரான்ஸ் கொழுப்பு. சாதாரண எண்ணெயில் பொரித்தால் டோனட் ஆறிய பிறகு கையில் எண்ணெய் ஒட்டும், பூச்சு வழுக்கும். அதனால் அந்தக் காலத்தில் டோனட் கடைகள் வனஸ்பதி போன்ற இறுகும் கொழுப்பை விரும்பின. அதில்தான் டிரான்ஸ் கொழுப்பு. இதயத்துக்கு அது ஆகாது என்று உறுதியானதும், பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களைப் படிப்படியாக விலக்கும் முடிவை அமெரிக்கா 2015-ல் எடுத்தது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

சர்க்கரையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர், சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் 12 டீஸ்பூன். பூச்சு, தூவல், கோடு என மூன்று அடுக்குக்கும் 'ஆமாம்' சொன்னால் அந்தக் கணக்கு வேகமாக ஏறும். ஆர்டர் கடையில் ஒரு வசதி: 'வேண்டாம்' என்றும் சொல்லலாம். மாமா பூச்சே இல்லாமல் வெறும் டோனட் வாங்கினார். உண்மையைச் சொன்னால் அதுதான் அன்றைக்கு நன்றாக இருந்தது.

நீங்கள் போகும்போது கவனிக்க...

பெட்டியில் அடுக்கிய டோனட் இருக்கிறதா, கண் முன்னால் விழுகிறதா? 'ஃப்ரெஷ்' என்ற போர்டு இரண்டு இடத்திலும் இருக்கும்.

எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கிறதா, டிகாக்‌ஷன் நிறத்திலா?

பூச்சு போடுவதற்கு முன் வடியவிடுகிறார்களா?

வீட்டுக்கு வாங்கிப்போவதாக இருந்தால் பூச்சு குறைவாக, எண்ணிக்கையும் குறைவாக. இது தூரம் தாங்காத பலகாரம்.

சரி, தோழிக்கு என்ன சொன்னேன்?

அன்று இரவு போன் போட்டேன். அவளுக்குக் காலை. வீடியோவை முன்னாடியே பார்த்திருந்தாள்.

"மெஷின் ஈசிடி. மாவும் ஒண்ணுதான். கஷ்டம் அது இல்ல" என்றேன். "அங்க பாதிப் பேர் லீவுக்கு வந்தவங்க. பத்து நிமிஷம் நிக்கிறதே அவங்களுக்குப் பொழுதுபோக்கு. உன் கடைக்கு ஆபீஸ் பிரேக்ல வர்றவங்க நிப்பாங்களா? செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு யார் வருவா? அதுக்கு பதில் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபமோ என்று நினைத்தேன்.

"எங்க தெருமுனை பஜ்ஜி கடை அண்ணா நாலு மணிக்குத்தான் அடுப்பு பத்த வைப்பாரு. எட்டு மணிக்கு மூடிடுவாரு" என்றாள். "நான் ஏன் நாள் முழுக்கத் திறக்கணும்னு நினைச்சேன்?"

வேலையை அவள் விடவில்லை, கடை எண்ணத்தையும் விடவில்லை. பெரிய மெஷினுக்குப் பதிலாக, கையால் அழுத்தி வளையம் போடும் சின்னக் குழல் ஒன்றை வாங்கியிருக்கிறாள். சனி, ஞாயிறு மாலை மட்டும் ஸ்டால் போட்டுப் பார்ப்பதாகத் திட்டம். உரிமத்துக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் முதல் முயற்சியின் போட்டோ அனுப்பினாள். வெளியே கறுப்பு, பிட்டால் உள்ளே மாவு. பார்த்ததுமே எண்ணெய் எத்தனை டிகிரி என்று கேட்டேன்.

"குத்துமதிப்பாதான் வச்சேன். தெர்மாமீட்டர் ஆர்டர் பண்ணிட்டேன், நாளைக்கு வருது" என்று பதில் வந்தது.